முன்பு, செயல், பின்பு

8 ஜனவரி 1968, திங்கள்

காலை பத்திலிருந்து பதினொன்று வரை பேராச்சி நாற்பத்தேழு முறை தன் தலையில் அடித்துக்கொண்டாள். வலது கைமுட்டி, வலது பக்கம், காதுக்குச் சற்று மேலே. எட்டு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். ஒரு பிள்ளை அடித்துக்கொள்வதை எண்ணியது இதுதான் முதல் தடவை. எண்ணுவதற்கு ஒரு சின்ன இயந்திரம் கொடுத்திருக்கிறார் வெங்கடராமன். கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு எண் கூடும். பஸ் கண்டக்டர் கையில் இருக்க வேண்டிய சாமான்.

அவர் டாக்டர், ஆனால் ஊசி போடாத டாக்டர். அமெரிக்காவில் மனோதத்துவம் படித்துவிட்டு, போன தீபாவளிக்கு மாட்டுங்காவுக்குத் திரும்பியவர். வயது இருபத்தொன்பது, என்னைவிட நாலு வயது இளையவர். காலேஜில் பாடம் நடத்துகிறார். வாரத்தில் மூன்று நாள் செம்பூருக்கு, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். பத்தொன்பது பிள்ளைகள், எல்லாம் புத்தி வளர்ச்சி குறைந்தவர்கள். அவர்களில் முதலில் பேராச்சியைத்தான் பிடித்துக்கொண்டார். ஏழு வயது, பேச்சு வராது.

"இப்போ எதையும் மாத்த வேண்டாம். மொதல்ல எண்ணிக்கை," என்றார்.

"அவ அடிச்சுக்கிட்டே இருப்பா, நாம எண்ணிக்கிட்டே இருக்கணுமா?"

"வழக்கம்போலப் போய்ப் பிடிங்கோ, ஆனா எண்ணணும். இல்லேன்னா பின்னாடி கொறைஞ்சுதுன்னு எதை வெச்சுச் சொல்லுவேள்?"

அவர் கேட்டது நியாயம். அதுதான் எரிச்சல்.

10 ஜனவரி, புதன்

52.

தாளில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்: முன்பு, செயல், பின்பு. அடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, அடித்தாள், அடித்த பிறகு என்ன நடந்தது. "அவ மனசுக்குள்ள என்னன்னு நமக்குத் தெரியாது. வெளியில நடக்கறது தெரியுமோன்னோ? அதை எழுதுங்கோ" என்கிறார்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். "பின்பு" கட்டம் முழுக்க நான்தான். கனகவள்ளி டீச்சர் ஓடி வந்தார். கையைப் பிடித்தார். மடியில் வைத்தார். பிஸ்கட் கொடுத்தார். இவ்வளவு தடவை ஓடியிருக்கிறேனா!

15 ஜனவரி, திங்கள்

கமிட்டிக் கூட்டம். மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். மார்ச் கடைசிக்குள் அடிப்பது அடங்காவிட்டால் பேராச்சியை எடுத்துவிடுவார்கள். எடுத்தால் எங்கே போவாள் என்று கேட்டேன். பெரியவர்கள் இருக்கும் மனநல ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரைச் சொன்னார்கள். அந்த வார்டை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அடிப்பதை நிறுத்த ஒரே வழி, கையைக் கட்டுவது.

இவளை அங்கே அனுப்ப விடமாட்டேன்.

29 ஜனவரி, திங்கள்

மூன்று வாரச் சராசரி 48. வெங்கடராமனின் முடிவு: அடித்தால் ஆள் ஓடி வருகிறது, அதனால் அடிக்கிறாள். வருகிற திங்களிலிருந்து அடித்தால் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சும்மா விளையாடும்போது போய் உட்கார்ந்து கொஞ்ச வேண்டும். பிஸ்கட்டும் அப்போதுதான்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. செய்யப் போவது நானல்லவா.

5 பிப்ரவரி, திங்கள்

44. நாற்பத்துநாலு தடவை சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. அது கதவு வரை போகிறது.

9 பிப்ரவரி, வெள்ளி

26! இயந்திரம் கெட்டுவிட்டதோ என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

12 பிப்ரவரி, திங்கள்

19.

சாயங்காலம் கேட்டில் சொர்ணம்மாள், பேராச்சியின் அம்மா. தாராவிக்காரி. புருஷன் பூலோகம் தோல் பதனிடும் இடத்தில் வேலை. அவள் பேச ஆரம்பித்தால் எனக்கு லேபர் கேம்ப்பில் எங்கள் வீட்டில் மதினி பேசுவதுபோலவே இருக்கும்; இரண்டு பேரும் ஒரே ஜில்லா.

"டீச்சர், போன வெள்ளிக்கு மொத வெள்ளி இசக்கியம்மனுக்கு மாவிளக்கு போட்டேன். வார வழியில முகைதீன் கம்பவுண்டர்ட்ட காதுக்கு சொட்டு வாங்கி ஊத்துனேன். அம்மன் தின்னூறும் பூசுனேன். அன்னையிலருந்து பிள்ள நல்லா உறங்குதா. அம்மா கண்ணத் தொறந்துட்டால்லா!"

கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டாள். பின்னாலேயே வெங்கடராமன் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். சீக்கிரம் அனுப்பிவிட்டேன்.

"வீட்டுல ஏதாவது புதுசா மாத்தம் உண்டாமா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. நல்லாத் தூங்குறாளாம்."

மாவிளக்கும் திருநீறும் என்று சொன்னால் உதட்டுக்குள் சிரிப்பார். சிரிக்காவிட்டாலும், மாட்டுங்கா வீட்டில் போய் "தாராவி ஜனங்கள் இப்படி" என்று ஒரு கதையாகச் சொல்வார். எங்கள் ஜனங்களை நான் என்ன வேண்டுமானாலும் சொல்வேன். அவர் சொல்லக் கூடாது.

16 பிப்ரவரி, வெள்ளி

7.

23 பிப்ரவரி, வெள்ளி

2. இந்த வாரம் ஒரு நாள்கூட நாலைத் தாண்டவில்லை. கயிற்றில் மணி கோக்கிறாள். காதுக்கு மேலே இருந்த வீக்கம் வற்றிவிட்டது. பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்து சீட்டு மராத்திக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

27 பிப்ரவரி, செவ்வாய்

சண்டை.

இரண்டு வாரத்துக்கு எல்லாவற்றையும் பழையபடி மாற்ற வேண்டுமாம். அடித்தால் ஓட வேண்டும், மடியில் வைக்க வேண்டும், பிஸ்கட். அடிப்பது திரும்ப ஏறினால்தான் குறைந்தது நம்மால் என்று நிரூபணம். பிறகு மறுபடி குறைத்துக்கொள்ளலாமாம்.

"நல்லாயிட்ட பிள்ளையைத் திரும்ப அடிச்சுக்க வைக்கணுமா? வெளயாட்டா இது?"

"கனகவள்ளி, ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல நடந்தா ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு சொல்ல முடியாது. நாம திரும்பினதாலயா, வேற எதாலயாவதா? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

"கண்ணால பாத்தேன், போதும்."

"எனக்குப் போதாது. கமிட்டிக்கும் போதாது."

கடைசியில் சரி என்றேன். மார்ச் 4 முதல் 15 வரை. அந்த இரண்டு வாரமும் அவருக்குக் காலேஜ் பரீட்சை வேலை, வரமாட்டார். அறையில் நானும் பிள்ளைகளும் மட்டும்.

4 மார்ச், திங்கள்

5. ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னபடி ஓடினேன். ஐந்தாவது தடவை மேஜை முனையில் முட்டிக்கொண்டாள். புருவத்தில் ரத்தம். என் புடவையில் துடைத்தேன்.

இது என் வேலை இல்லை. எந்தப் பரீட்சைக்காகவும் ஒரு பிள்ளையை — மாட்டேன். முடியாது.

5 மார்ச், செவ்வாய்

பிப்ரவரி முறைக்கே வந்துவிட்டேன். அடித்தால் திரும்பிக்கொள்கிறேன், விளையாடினால் கொஞ்சுகிறேன். அடித்தது 2. தாளில் 9 என்று எழுதினேன்.

7 மார்ச், வியாழன்

உண்மை 1. தாளில் 14. ஒரே சீராக ஏறினால் சந்தேகம் வரும். நேற்று 16 போட்டு இன்று கொஞ்சம் இறக்கினேன். இதற்கெல்லாம் எனக்கு மூளை இருக்கிறது என்பது எனக்கே புதிது.

யாருக்கு நஷ்டம்? பிள்ளை அடிபடவில்லை. அவருக்கு மலை மாதிரி கோடு கிடைக்கும். கமிட்டிக்கு நிரூபணம் கிடைக்கும்.

15 மார்ச், வெள்ளி

தாளில் 31. உண்மை 2.

29 மார்ச், வெள்ளி

கமிட்டியில் வெங்கடராமன் கட்டம்போட்ட தாளைச் சுவரில் ஒட்டிக் காட்டினார். உயரம், பள்ளம், உயரம், பள்ளம். கோலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். மூன்றாவது பாகத்தைத் தொட்டபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

பேராச்சி இருக்கலாம். எல்லாரும் கைதட்டினார்கள். "இந்த எண்ணிக்கைக்கு முழுப் பொறுப்பு கனகவள்ளி டீச்சர்" என்று என்னை வேறு எழுப்பி நிறுத்தினார். பாவி மனுஷன், நல்லவன்.

சொர்ணம்மாளிடமும் முறையைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். சொன்னேன்: வீட்டிலும் அடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

"பெத்தவ எப்படி டீச்சர் திருப்புவா?"

"திருப்பணும். அதுதான் மருந்து."

18 மே, சனி

பெங்களூரில் ஒரு மகாநாட்டில் பேராச்சியைப் பற்றிக் கட்டுரை வாசித்தாராம். கடிதம் வந்தது. கட்டுரையில் எனக்கு நன்றி.

10 ஜூன், திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. பேராச்சி வளர்ந்திருக்கிறாள். 1.

20 ஜூன், வியாழன்

ஒரு வாரமாக மழை. தாராவியில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீராம். இன்று 11. லீவு கழிந்து வந்ததாலாக இருக்கும்.

26 ஜூன், புதன்

24. வெங்கடராமன் கவலைப்படவில்லை. "பழைய பரிசைத் தேடறா. அணையறதுக்கு முன்னால ஒரு தடவை பெரிசா எரியும். நாமதான் காரணத்தை நிரூபிச்சாச்சே. பிடிச்ச பிடியில நில்லுங்கோ."

நாமதான் நிரூபிச்சாச்சே.

1 ஜூலை, திங்கள்

31. மார்ச்சில் நான் இட்டுக்கட்டிய அதே எண். கட்டைவிரலை எடுத்துவிட்டு இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிடலாமா? என்னவென்று சொல்ல? ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்தால்? நான் எழுதியது பொய். ஆனால் அவர் முறை பொய்யில்லையே. பிப்ரவரியில் குறைந்ததே. அது நிஜம்தானே? — எதனால் குறைந்தது என்றுதான் அவர் கேட்டார். கண்ணால் பார்த்தேன் போதும் என்றேன்.

4 ஜூலை, வியாழன்

58. ஐம்பத்தெட்டு தடவை சுவர்.

மணியைத் தொடவில்லை. பிஸ்கட்டை வாங்கிக் கீழே போட்டாள். என் மடிக்கு வரவே இல்லை. ஆள் வர வேண்டும் என்று அடிக்கிறவள் என்றால், வந்த ஆளை ஏன் தள்ளுகிறாள்?

5 ஜூலை, வெள்ளி

சொர்ணம்மாள் மத்தியானமே வந்துவிட்டாள். வகுப்புக்குள் நேராக வந்து, கையிலிருந்த துணியை என் மேஜையில் விரித்தாள். தலையணை உறை. மஞ்சளும் ரத்தமுமாகக் கறை. நாற்றம்.

"காதுலருந்து சீ வடியுது டீச்சர். பழையபடி காது வலிதான். போன தடவ சொட்டு ஊத்துனதும் நல்லா உறங்குதான்னு சொன்னம்லா? இந்தத் தடவ அவ அடிக்க அடிக்க நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். பத்து நாளா திருப்பிக்கிட்டே இருக்கேன். நீங்கதான சொன்னீய?"

பேராச்சியின் தலையைத் தொட்டேன். வலது காதுக்குப் பின்னால் வீங்கி, கொதித்தது. விரல் பட்டதும் அவள் போட்ட சத்தம் —

வலது கைமுட்டி. வலது பக்கம். ஜனவரியில் நானே எழுதினேன், முதல் நாளே. அய்யோ கனகா, உனக்குக் கண்ணு இருந்துச்சா இல்லையா? சொட்டு ஊத்துனேன்னு சொன்னாளே. வாயத் தொறந்து சொன்னாளே. மாவிளக்கோட சேத்து அதையும் தூக்கிப் போட்டுட்டியே.

டாக்சி பிடித்தோம். ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

6 ஜூலை, சனி

ஆபரேஷன். காதுக்குப் பின்னால் எலும்பு வரை சீழ் இறங்கியிருந்ததாம். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் மூளைக்குப் போயிருக்கும் என்றார் சர்ஜன். அவர் ஊசி போடுகிற டாக்டர். எவ்வளவு நாளாக வலி என்று கேட்டார். பேராச்சியின் அப்பா பூலோகம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

8 ஜூலை, திங்கள்

பிழைத்துக்கொண்டாள்.

11 ஜூலை, வியாழன்

வெங்கடராமனிடம் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூட வராந்தாவில், மழை இரைச்சலில், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை.

மார்ச் 5 முதல் 15 வரை எழுதியது அத்தனையும் பொய் என்றேன். உண்மை எண்களை இந்த நோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிப்ரவரியில் கேட்டில் அவள் சொன்னதையும், நான் மறைத்ததையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் பென்சிலை எடுத்து, மூன்றாவது பாகத்தில் புதிய புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தார். 2, 1, 1, 3, 2, இப்படியே. கோடு தரையோடு தரையாகப் போனது.

"மார்ச்ல காது வலி நின்னுபோயிருந்துது. அன்னிக்கு நீங்க நெஜமாவே பண்ணியிருந்தாலும் இது ஏறியிருக்காது. ஏறலைன்னா நான் சொன்ன காரணம் தப்புன்னு மார்ச்லயே தெரிஞ்சிருக்கும். வேற காரணம் தேடியிருப்பேன்," என்றார். "அந்த ரெண்டு வாரம் அவளைக் கஷ்டப்படுத்தறதுக்கு இல்லை, கனகவள்ளி. என்னைத் தப்புன்னு காட்டறதுக்கு."

இதைவிட அடித்திருக்கலாம்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "காதைப் பாக்கணும்னு எனக்கும் தோணலையே. வலது பக்கம்னு தாள்ல இருக்கு. நான் எண்ணிக்கையை மட்டும் பாத்தேன்," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெங்களூருக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதப் போகிறாராம்.

14 ஜூலை, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போய் சொர்ணம்மாளிடமும் சொன்னேன். நான் பொய் எழுதியதால்தான் எல்லாரும் தப்பான காரணத்தை நம்பினோம், தப்பு என்னுடையது, உங்களுடையது இல்லை என்றேன்.

அவள் பேராச்சியின் காலை அமுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: "நீங்க தாள்ல எழுதுனது எனக்குத் தெரியாது டீச்சர். நான் மூஞ்சியத் திருப்புனது எனக்குத் தெரியும்லா. பிள்ள என்னயப் பாத்துக்கிட்டே அடிச்சா."

அழவாவது உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

22 ஜூலை, திங்கள்

கமிட்டி. என்னை நீக்கவில்லை, வேறு டீச்சர் கிடைக்காது என்பதுதான் காரணம், கருணை இல்லை. இனி எண்ணுவது இரண்டு பேர், தனித்தனியாக, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். இரண்டாவது ஆள் டிரில் வாத்தியார் ஜம்பு. பேராச்சி திரும்பி வரலாம். ஆகஸ்ட் மாதத் தாளைப் பார்த்து முடிவு சொல்வார்களாம்.

வெங்கடராமன் தாளை மாற்றி அச்சடித்திருக்கிறார். மூன்று கட்டத்துக்கும் மேலே ஒரு புதிய கட்டம்: வீட்டில் சொன்னது, சொன்ன வார்த்தையிலேயே.

5 ஆகஸ்ட், திங்கள்

வந்துவிட்டாள். தலையில் கட்டு. வலது காது இனிக் கேட்காது என்று சர்ஜன் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடித்தது 0. ஜம்பு தாளிலும் 0.

16 ஆகஸ்ட், வெள்ளி

0. 0.

23 ஆகஸ்ட், வெள்ளி

இந்த மாதம் நேற்று வரை பூஜ்யம். இன்று பத்தே முக்காலுக்கு ஜம்பு வெளியே தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். பேராச்சி என்னையே பார்த்துக்கொண்டு தலையில் ஒரு அடி அடித்தாள். இடது பக்கம், மெதுவாக. ஓடிப் போய்க் காதைப் பார்த்தேன். ஒன்றுமில்லை, காய்ச்சலும் இல்லை. அவள் கண் என் கையிலிருந்த சிவப்புப் பென்சிலில் இருந்தது. கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தாளில் கிறுக்கினாள்.

இது வலி இல்லை. பென்சில் வேண்டும், கேட்க வாயில்லை. அடி ஒன்றுதான், அன்றைக்கு ஒரு காரணம், இன்றைக்கு வேறு.

ஜம்பு தாளில் 0. அடுத்த வாரம் கமிட்டி பார்க்கப் போகும் தாள். என் தாளில் 1 என்று எழுதினேன். பின்பு: டீச்சர் ஓடி வந்தார், பென்சில் கொடுத்தார்.

30 ஆகஸ்ட், வெள்ளி

இரண்டு தாளும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கமிட்டி கேட்டது. சொன்னேன். ஒரு அடிக்காகப் பேராச்சியை எடுக்க வேண்டாம் என்றார்கள். பென்சிலைக் கை நீட்டிக் கேட்கச் சொல்லிக் கொடுங்கள் என்றார் வெங்கடராமன்.

9 செப்டம்பர், திங்கள்

பேராச்சியை இடம் மாற்றினேன். கேட்கிற காது என் பக்கம் இருக்கும்படி. பென்சிலுக்குக் கை நீட்டினாள், மூன்று தடவை. 0.

சொர்ணம்மாள் தினமும் வந்து கூட்டிப் போகிறாள். என்னோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை ஜம்புவிடம் சொல்கிறாள், அவர் புதிய கட்டத்தில் எழுதிக்கொள்கிறார். இன்று கேட்டில் நின்று, பிள்ளை ராத்திரி நன்றாக உறங்கியதை, காலையில் இரண்டு இட்லி தின்றதை, வெள்ளிக்கிழமை இசக்கியம்மனுக்கு மாவிளக்கு போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாவிளக்கு வந்ததும் ஜம்பு சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார்.

"அதையும் எழுதுங்க சார்," என்றேன்.

சொர்ணம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.